மூன்று இருபது

இரவுப் பதிவேட்டில் நேரத்துக்கு ஒரு கட்டம்,
நடந்ததற்கு ஒரு கட்டம்.
மூன்று இருபது என்று எழுதிவிட்டாள் ஔத்ரோனே.
அடுத்த கட்டத்தின் மேல் பேனா நிற்கிறது.

கிளீதோர்ப்ஸில் கடல் பின்வாங்கியிருந்த நேரம்.
சன்னலுக்கு வெளியே சேறு, மைல் கணக்கில்.
உள்ளே, இல்லத்தின் நீலக் கம்பள நடையில்
வில்ஃப் ஸ்டாதர்ட்,
இடது காலில் ஷூ, வலது காலில் ஒன்றுமில்லை,
கதவுக்குக் கதவு நின்று
நிறுத்தங்களின் பெயரைக் கூவிக்கொண்டு வந்தார்.
முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர்.

கன்ஃப்யூஸ்டு என்று போடு, போதும்.
மேலாளர் கேய்னர் தந்துவைத்த சொல்.
எல்லா இரவுக்கும் எல்லா ஆளுக்கும் பொருந்தும்,
ரப்பர் கையுறை மாதிரி, பெட்டிக்கு நூறு.
ஆனால் அது
எட்டு மணி மாத்திரையும் பத்து மணி மாத்திரையும்
ஒரே கிண்ணத்தில் விழுந்துவிட்டால்
சொல்ல வேண்டியது என்று இவளுக்குப் படுகிறது.
வில்ஃபிடம் எதுவும் கலக்கவில்லை.
பதினேழு நிறுத்தம், வரிசை பிசகாமல்.

லாஸ்ட் என்று எழுதலாம்.
அந்தச் சொல்லோடு அவளுக்கு ஒரு பழைய வழக்கு.
சாவியைத் தொலைத்தாலும் லாஸ்ட்,
பந்தயத்தில் தோற்றாலும் லாஸ்ட்,
பெண்டாட்டியைப் பறிகொடுத்தாலும் லாஸ்ட்.
வந்த புதிதில் ஏழாம் அறைக்காரர்
மார்ச்சில் டோரீன் லாஸ்ட் என்று சொன்னபோது
கோட்டை மாட்டிக்கொண்டே
"எந்தக் கடையில்?" என்று கேட்டவள் இவள்.
அவர் சிரித்துவிட்டார்.
அதற்காகவே இன்றைக்கும் அவர் டீயோடு
இரண்டு பிஸ்கட் கூடுதல்.

லிதுவேனிய மொழியில் வழி தவறுவது
தனக்குத்தானே செய்துகொள்வது.
வினைச்சொல்லின் நடுவில்
'தன்னை' என்று ஒரு சின்ன அசை
கூழாங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்.
ஆங்கிலத்தில் கல்லும் இல்லை, செய்தவரும் இல்லை.
தொலைந்தாயிற்று, அவ்வளவுதான்.

பிறகு அந்த அட் ஸீ.
இரவல் அகராதியில் பார்த்தாள்:
திக்குத் தெரியாமல் இருப்பது.
அழகாயிருக்கிறதே என்று போன குளிர்காலத்தில்
எழுதியும் வைத்தாள்,
திரு. ஸ்டாதர்ட் இரவு முழுக்கக் கடலில் இருந்தார் என்று.
காலை ஆறு பத்துக்கு
ஈரத் தலையோடு ஓடிவந்தாள் கேய்னர்,
கடலோரக் காவலுக்குப் போன் போட்டாயா, போட்டாயா என்று.
அவரோ சாப்பாட்டு அறையில்
அவித்த முட்டையை உடைக்காமல்
பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, இன்றிரவு நடந்தது என்ன?
நடையின் கோடியில் அவரை மறித்து
வழி தெரியவில்லையா என்று கேட்டாள்.
அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்,
மழையில் நனைந்து ஏறியவளைப் பார்ப்பதுபோல்.
"எங்கேம்மா போகணும்?"
இது சுலபம். "கடைசி வரைக்கும்" என்றாள்.
"போக மட்டுமா, திரும்பியும் வருவியா?"

பதினோரு வருடம்.
கௌனஸில் அம்மாவின் வீட்டுக்கு இரண்டு சாவி,
ஒன்று இவளிடம்.
அம்மா போனபின் பூட்டை மாற்றிவிட்டார்கள்,
சாவி மட்டும் வளையத்திலேயே இருக்கிறது.
அவர் கை நீட்டியபடி காத்திருந்தார்.
பின்னால் வரிசை நிற்கிறது என்றார், கோபமில்லாமல்.

பேனா இறங்குகிறது.
நடமாடினார்.
கேள்வி கேட்டார்.
பதில் தெரியவில்லை.
யாருக்கு என்று எழுதவில்லை.

காலையில் கேய்னர் மூன்று வரியையும் அடித்துவிட்டு
ஓரத்தில் தன் ஒரே சொல்லைப் போட்டாள்.
அவளும் யாரை என்று எழுதவில்லை.

வலது ஷூ மதியம் அகப்பட்டது,
ஃப்ரிட்ஜில், வெண்ணெய்க்குப் பின்னால்,
நாடா ஒழுங்காகக் கட்டப்பட்டு.